திருடனுக்கு நான் வைத்த மச்சம்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தேனியில் ஒரு கடை வாசலில் நின்ற ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவனின் கேமராப் படம். ‘இவனைக் கண்டால் உடனே தகவல் கொடுக்கவும்’ என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில் நம் ஆட்கள் அவனை ஐந்து பேராகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தன் சம்பந்தி வீட்டு டிரைவர் என்றார். ஒருத்தி தன் பழைய பால்காரன் என்றாள். கடைசிப் பெஞ்சு நண்பர், அந்தக் காலம் மாதிரியே யோசிக்காமல், அது நம் வகுப்புத் தலைவர்தான் என்று எழுதினார். வகுப்புத் தலைவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். மறுநாள் காலை திரும்பி வந்து ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் வைத்தார்.

நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நான் வாய் மூடியிருந்தால் உடம்புக்கு ஏதோ என்று பயந்து இரண்டு பேர் போன் செய்தீர்கள். உடம்பு சுகம்தான். தேடப்படும் குற்றவாளியின் படம் என்றால் எனக்குள் ஒரு பழைய உதறல் எடுக்கும், அவ்வளவுதான்.

நாம் நாலாம் வகுப்பு படித்தபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன். ஏலக்காய்த் திருடன். வலது கன்னத்தில் மச்சம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் மூக்கில் சுண்டிவிட்டு ஓடுவோமே, அவனேதான். அந்த மச்சம் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருசம் கழித்து இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று வக்கீல் மருமகனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

என் மாமா, அம்மாவுக்கு அண்ணன், கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பல பேருடைய அப்பா அம்மா கல்யாணப் படம் அங்கே எடுத்ததுதான். பின்னால் ஒரு ஏரியும் மாடிப்படியும் இரண்டு அன்னமும் வரைந்த திரை. கூரை ஒழுகியதில் ஒரு அன்னத்தின் கழுத்து வழிந்து நீண்டு, ஏறக்குறைய ஒட்டகமாகியிருந்தது. திரைக்கு முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி. அதற்குப் பக்கத்தில், ஆணியில், அந்தக் கோட்டு.

அந்தக் கோட்டைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம். இருந்தது ஒன்றே ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் அன்றைக்குப் பெண் தேடிய ஆண்களில் பாதிப் பேர் அதற்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள். மாமா எந்த ஆளை மனதில் வைத்துத் தைத்தாரோ, அப்படி ஒரு ஆள் நம் பக்கத்தில் பிறக்கவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து போடலாம். ஒல்லியானவர்களுக்குப் பின்பக்கத்துத் துணியை இழுத்துச் சுருட்டி, துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுவார்கள். முன்னால் பார்த்தால் கலெக்டர். பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு. பாச்சை உருண்டையும் முகப் பவுடரும் ஊர்ப்பட்ட மாப்பிள்ளைகளின் பதற்றமும் கலந்த ஒரு வாசனை அதில் எப்போதும் இருக்கும். மாமா இல்லாத நேரம் நான் அதைப் போட்டுக்கொண்டு கைகளை இறக்கை மாதிரி ஆட்டுவேன்.

ஸ்டூடியோவின் உண்மையான ரகசியம் கோட்டில் இல்லை, என் சித்தியிடம் இருந்தது. மாமாவுக்குத் தங்கை, அம்மாவுக்கும் தங்கை. ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை; நடுவில் பதித்த பால் கண்ணாடிக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெயிலை வாங்கி மேலே தள்ளும். சித்தி அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். ‘டச்சப்’ என்பார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். முகத்துக் குழிகளெல்லாம் நிரம்பிவிடும். அந்நாளில் அம்மை விளையாடிய முகங்கள் நிறைய. அத்தனையும் சித்தியின் மேசை வழியாகப் போய் வழுவழுவென்று வெளியே வரும்.

சித்திக்கும் அம்மைத் தழும்பு உண்டு. அவளுக்கு வரன் தேடியபோது, மாமா அவள் படத்துக்குத் தன் கையாலேயே டச்சப் செய்து அனுப்பினார். இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். படத்தையும் பார்த்தார்கள், சித்தியையும் பார்த்தார்கள், கேசரியைச் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாவது முறை சித்தி பென்சிலை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அண்ணே, இந்தத் தடவ என் மூஞ்சியில பென்சில் படக்கூடாது. இருக்கிறதப் பாத்துப் பிடிச்சவுக வரட்டும்.”

தழும்போடு போன அந்தப் படத்துக்குக் கெங்குவார்பட்டியிலிருந்து பதில் வந்தது. பெரியகுளத்தில் ஒரு விதை ஆபீசில் கிளார்க். பிடித்திருக்கிறது, சித்திரை பிறந்ததும் அம்மாவோடு நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். சித்தி அந்தக் கடிதத்தை டச்சப் மேசையின் வெளிச்சத்தில் வைத்து, ஏதோ நெகட்டிவ் மாதிரி, தினமும் ஒரு தடவை பரிசோதிப்பாள்.

இனி என் குற்றம்.

எனக்கு டச்சப் செய்ய ஆசை. பென்சில் சீவிக் கொடுக்க மட்டும்தான் அனுமதி. அதனால் ஒருநாள், மாமா சாப்பிடப் போயிருந்தபோது, வாங்க வராதவர்களின் நெகட்டிவ்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பென்சில் கிடைக்கவில்லை, பாவாடையில் ஊக்கு இருந்தது. ஊக்கால் குத்தினால் அந்த இடம் அச்சில் கறுப்பாக விழும் என்று சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் சின்ன வயசில் சினிமா நடிகைகள் மச்சம் வைத்துக்கொண்டு வந்தார்கள் அல்லவா, அதுதான் என் தலையில் இருந்த ஒரே அழகு. மேலே கிடந்த ஒரு கோட்டுக்காரனுக்கு இடது கன்னத்தில் ஒன்று வைத்தேன். நெகட்டிவ் சமாசாரம் அல்லவா, அது வலது கன்னத்துக்குப் போய்விட்டது. என் கலை வாழ்க்கையில் நான் செய்த ஒரே படைப்பு அதுதான். அதற்குள் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு மாசம் கழித்து ஏட்டையா சைக்கிளில் வந்து இறங்கினார். போடிமெட்டு வளைவுகளில் லாரி மெதுவாக ஏறும்போது பின்னால் தொற்றி ஏறி, ஏலக்காய் மூட்டைகளை உருட்டிவிடுகிற ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் தங்கியிருந்த அறையில் ஆள் இல்லை. எங்கள் ஸ்டூடியோ ரசீது மட்டும் இருந்தது. மாமா ரசீது நம்பரைப் பார்த்து, டப்பாவைத் துழாவி, நெகட்டிவை எடுத்து அச்சுப் போட்டார். மாப்பிள்ளை படம். நல்ல களையான முகம். வலது கன்னத்தில், பொட்டு வைத்ததுபோல, என் மச்சம்.

ஏட்டையாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. போலீஸ்காரர்களுக்கு முகம் பெரிதில்லை, மச்சம்தான் பெரிது. நம் பள்ளிச் சான்றிதழிலும் அப்படித்தானே? நம்மை யார் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் எழுதி வைத்திருப்பது இரண்டு மச்சம். ஏட்டையா லென்சு வாங்கிப் பார்த்து, ‘அங்க அடையாளம்: வலது கன்னத்தில் மிளகு அளவில் மச்சம்’ என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டார்.

சித்தி மட்டும் படத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தாள். இந்த ஆளுக்கு டச்சப் செய்தபோது மச்சம் கண்ட ஞாபகம் இல்லையே என்றாள். மாமா அவளை அடக்கிவிட்டார். தன் ஸ்டூடியோ முத்திரையோடு ஒரு படம் ஜில்லா முழுக்கச் சுவரில் ஏறப்போகிறது என்ற பூரிப்பில் இருந்தார் அவர். ஒரு பிரதியை ஸ்டூடியோவின் முன் கண்ணாடிப் பெட்டியில்கூட மாட்டினார், மணமக்கள் இரண்டு ஜோடிகளுக்கு நடுவில். பிறகு வந்த வாடிக்கையாளர்களில் சிலர் அந்தத் திருடனைக் காட்டி, அதே மாதிரி எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

நோட்டீஸ் எங்கெல்லாம் ஏறியது தெரியுமா? பஸ் ஸ்டாண்டு, போஸ்ட் ஆபீஸ், அரிசி மில், சந்தை வாசல். ஜீப்பில் குழாய் கட்டி, ‘வலது கன்னத்தில் மச்சம் உள்ள’ என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியாக டெண்டுக் கொட்டகையில் ஸ்லைடு போட்டார்கள். நான் அம்மாவோடு மணலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். இடைவேளையில் பல்பொடி விளம்பரம் வந்தது, பீடி குடிக்காதீர்கள் என்று ஒன்று வந்தது, அடுத்து அவன் வந்தான். கூடாரம் உயரத்துக்கு முகம். கன்னத்தில் தோசைக்கல் அளவு மச்சம். கொட்டகை முழுக்க விசில். என் ஊக்கு முனை அத்தனை பெரிதாகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிள்ளை திருடனைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று அம்மா மறுநாள் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய் திருநீறு போட வைத்தார். பூசாரி ஓங்கி ஊதினார். பயம் போகவில்லை, கண்ணில் விழுந்ததுதான் மிச்சம்.

பிறகு ஆரம்பித்தது மச்சக்காரர்களின் கஷ்டகாலம். நம் தெருத் தபால்காரருக்கு வலது கன்னத்தில் மச்சம். அந்த நோட்டீசைப் போஸ்ட் ஆபீஸ் பலகையில் ஒட்டியதே அவர்தான். எங்கே போனாலும் ஜனங்கள் அவர் கன்னத்தையே பார்க்கவும், மனிதர் வலது கன்னத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தே நடக்க ஆரம்பித்தார். அதனால் தெருவின் ஒரு வரிசைக்குப் போகும்போது கடிதம், மறு வரிசைக்குத் திரும்பி வரும்போதுதான். தையல்காரர் ஒருவர் மச்சத்தின்மேல் சந்தனம் அப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கன்னத்தில் சந்தனம் வைத்தவர்களையும் பிடித்து விசாரித்தார்கள். கோம்பையில் ஒரு மச்சக்கார விவசாயியை விசாரிக்கப் போன ஏட்டையாவை, அவர் வீட்டு நாய் முதலில் விசாரித்தது. ஏட்டையா காக்கி அரைக்கால் சட்டையின் பின்பக்கத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்தத் திருடனைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் ஒரு லாரி டிரைவர். அவரை ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்து படத்தைக் காட்டினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆள் இவன்தான், ஆனால் முகம் சுத்தமாக இருந்தது, மச்சம் கிச்சம் ஏதும் இல்லை என்றார் டிரைவர்.

“போட்டோ பொய் சொல்லுமா, ஒன் கண்ணு பொய் சொல்லுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா” என்றார் ஏட்டையா.

டிரைவர் ஏட்டையாவின் முகத்தைப் பார்த்து நன்றாக யோசித்தார்.

“எனக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்தாங்க ஐயா.”

அன்றைக்கே நான் வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருடனைத் தூக்கில் போடுவார்கள், அவனுக்கு உடந்தையானவர்களையும் பக்கத்தில் போடுவார்கள் என்று நம் கடைசிப் பெஞ்சு நண்பர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆமாம் நண்பரே, நீங்கள்தான். எப்போதும்போல யோசிக்காமல்.

சித்திரை பிறந்தது. சித்தியைப் பெண் பார்க்கிற நாளும் வந்தது. வீட்டில் கேசரி மணம். சித்தி பச்சைச் சேலையில் இருந்தாள். முகத்தில் பவுடர்கூட இல்லை. பத்து மணி பஸ்ஸில் வர வேண்டியவர்கள் பதினொன்றுக்கும் வரவில்லை. பதினொன்றரைக்குத் தபால்காரர் சுவரோரமாக ஓடி வந்து செய்தி சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மச்சத் திருடன் பிடிபட்டுவிட்டான், கூட ஒரு வயசான அம்மா, தட்டு நிறைய பூவும் பழமும், பெண் பார்க்க வந்தோம் என்று அழுகிறார், விலாசம் கேட்டால் இந்த வீட்டைச் சொல்கிறார்.

மாப்பிள்ளைக்கு வலது கன்னத்தில் மச்சம் உண்டு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அவர்கள் அனுப்பிய படத்தில் அது இல்லை. பெரியகுளத்து ஸ்டூடியோக்காரர் டச்சப் செய்து அதை எடுத்துவிட்டிருந்தார்.

மாமா ஸ்டேஷனுக்கு ஓடினார். சித்தி சமையலறைக்குள் போய், ஆறிக்கொண்டிருந்த கேசரியை மூடி வைத்தாள். அழவில்லை. மூடிய தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு தடவை இந்தக் கேசரி சாப்பிடப்பட்டும் கல்யாணம் நடக்கவில்லை. இந்தத் தடவை சாப்பிடவே ஆள் வரப்போவதில்லை. தூக்குக் கயிறு பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“சித்தி, அந்த மச்சம் அந்த ஆளுக்கு இல்ல. நான்தான் ஊக்கால குத்துனேன்.”

சித்தி திரும்பிப் பார்த்தாள். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் பாவாடையில் இருந்த ஊக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். நான் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முதலில் ஸ்டூடியோ. திருடனின் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை வழியாக வெயில் ஒரு புள்ளியாக அவள் கன்னத்தில் விழுந்தது. இன்னொரு நெகட்டிவையும் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டாள். அது போன தீபாவளிக்கு ஏட்டையா குடும்பத்தோடு எடுத்த படம்.

ஸ்டேஷன் வாசலில் ஊரே நின்றது. மாப்பிள்ளை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, கலைந்த தலை. பக்கத்தில் அவர் அம்மா, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு. சித்தி யாரையும் பார்க்காமல் நேரே ஏட்டையாவிடம் போனாள். திருடனின் நெகட்டிவைக் கொடுத்து, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள் என்றாள். ஏட்டையா தடவினார். ஓட்டை இருந்தது. ஆனாலும் போட்டோ என்றால் போட்டோதானே என்று இழுத்தார். சித்தி இரண்டாவது நெகட்டிவையும் ஊக்கையும் மேசைமேல் வைத்தாள்.

“இது நீங்க. ஒண்ணு வச்சுக் காட்டட்டுமா? சாயங்காலத்துக்குள்ள உங்களையும் தேட ஆரம்பிச்சிருவாக.”

சிரிப்பு வந்தது வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து அல்ல, பெஞ்சியிலிருந்து. காலையிலிருந்து கள்ளன் என்று பேர் வாங்கிய மனிதர் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்போதுதான் சித்தி அவரைப் பார்த்தாள். பெண் பார்க்கிற வைபவம் அவ்வளவுதான். லாக்கப் கம்பிக்குப் பக்கத்தில், ஒரு நிமிசம்.

மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. அவர் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“எம்புள்ளயக் கள்ளன்னு பிடிச்சத ஊரே பாத்துச்சு. நெசக் கள்ளன் பிடிபடட்டும். அதுக்கப்புறம் வாறோம். அதுவரைக்கும் இந்தத் தட்ட இங்கன வைக்க மாட்டேன்.”

பழத்தட்டு கெங்குவார்பட்டிக்கே திரும்பிப் போனது. திருத்திய நோட்டீசு அடிக்க மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர மூன்று மாசம் ஆகலாம் என்று ஏட்டையா சொல்லிவிட்டார். சித்தி மறுபடி டச்சப் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். என்னை யாரும் அடிக்கவில்லை. மாமா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பென்சில் சீவச் சொன்னார். அடித்திருந்தால் தேவலை.

அந்த வாரக் கடைசியில், நல்ல மத்தியான வெயிலில், ஒரு ஆள் ஸ்டூடியோவுக்குள் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். களையான முகம். கன்னம் சுத்தமாக இருந்தது. நேரே மாமாவிடம் போய்ச் சண்டை பிடித்தான்.

“என்னண்ணே வேல பாத்திருக்கீக? பொண்ணு வீட்ல காட்டணும்னு எடுத்த படம். அதுல மச்சம் எங்கன இருந்து வந்துச்சு?”

அவனே விவரமும் சொன்னான். உத்தமபாளையத்தில் பெண் பேசி முடித்திருக்கிறதாம். நோட்டீசைப் பார்த்துப் பெண் வீட்டார் பதறிப்போய், பிறகு மச்சத்தைக் கவனித்து, இது நம் மாப்பிள்ளை இல்லை, அவர் ஜாடையில் வேறு யாரோ என்று சமாதானம் ஆகிவிட்டார்களாம். இருந்தாலும் சொந்தக்காரர்களிடம் காட்ட அவர்களுக்கு மச்சம் இல்லாத படம் ஒன்று வேண்டுமாம். அதே திரை, அதே கோட்டு, அதே மாதிரி. தப்பு ஸ்டூடியோவுடையது, அதனால் ஸ்டூடியோதான் புதிதாக எடுத்துத் தர வேண்டும். பயமில்லாமல்தான் பேசினான். ஏன் பயப்பட வேண்டும்? பள்ளத்தாக்கு முழுக்க ஜனங்கள் ஒரு கன்னத்தைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. வருகிற பஸ்ஸில் ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தானாம். இரண்டு பேரும் சேர்ந்து எதிர் சீட்டுக்காரரின் மச்சத்தைப் பற்றி விவாதித்தார்களாம்.

மாமா சித்தியைப் பார்த்தார். சித்தி ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள்.

“ஒக்காருங்க. நம்ம தப்புத்தான். நல்லாவே எடுத்துருவோம்” என்றார் மாமா.

அவன் கோட்டுக்குள் நுழைந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். ஒல்லியான ஆள். சித்தி பின்னால் போய்த் துணியைச் சுருட்டிக் கிளிப்பு மாட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்டூடியோவில் இருந்த அத்தனை கிளிப்பையும் மாட்டினாள், கோட்டோடு சேர்த்து நாற்காலிப் பிரம்பையும். போதாததற்கு என் ஊக்கையும். பிறகு என்னைப் பார்த்து, கடைக்குப் போய்க் கற்பூரம் வாங்கி வா என்றாள். ஸ்டூடியோவில் எதற்குக் கற்பூரம் என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அன்றைக்கு மட்டும்.

ஓடினேன். பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது எனக்குப் பழகியிருந்தது. ஸ்டேஷனில் ஏட்டையா தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சத் திருடன் வந்திருக்கிறான் என்றேன். மச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி ஒரு கவளம் எடுத்தவர், பாதியில் நிறுத்தினார். அந்த இடத்தில்தான் அவருக்கு விசயம் பிடிபட்டது. கை கழுவாமலே சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில்.

அதுவரை மாமா என்ன செய்தார் தெரியுமா? கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பிலிமே போடாத கேமராவில், படம் எடுத்துக்கொண்டிருந்தார். தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள், கண்ணை இமைக்காதீர்கள், மூச்சைப் பிடியுங்கள், ஐயோ ஆடிவிட்டீர்கள், இன்னொன்று. நாம் எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தானே. போட்டோக்காரர் ஆடாதே என்றால் அந்நாளில் யார் ஆடுவோம்? ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் ஆட மாட்டோம், படம் கெட்டுவிடும். லாரியில் தொற்றி ஏறுகிற அந்த ஆள், சிலைபோல, நெற்றியில் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தான்.

ஏட்டையா உள்ளே வந்து நின்றார். அவன் கண்ணை மட்டும் திருப்பினான்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்க. இந்த ஒண்ணு மட்டும் எடுத்துக்கிறேன்.”

ஏட்டையாவும் பொறுத்தார். நான் பொய் சொல்லவில்லை, பொறுத்தார். போட்டோ எடுக்கும்போது குறுக்கே போகக்கூடாது என்று அவருக்கும் பழக்கம். மாமா அப்போதுதான் பிலிமைப் போட்டு, நிஜமாக ஒன்று எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே சிறந்தது அதுதான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகே அவன் எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. கடைவீதி வழியாக, கோட்டோடும் நாற்காலியோடும்தான் நடத்திக்கொண்டு போனார்கள்.

நாற்காலி மறுநாள் வந்துவிட்டது. கோட்டு வரவில்லை. சாட்சிப் பொருள் என்று சீட்டுக் கட்டிப் பெரியகுளம் கோர்ட்டுக்குப் போனது, போனதுதான். மாமா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நம் பள்ளத்தாக்கில் எடுத்த மாப்பிள்ளைப் படங்களில் கோட்டு இருக்காது. உங்கள் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். எங்கேயோ ஒரு பீரோவில், நம் அப்பாக்களின் வாசனையோடு, அது இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஏட்டையாவுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. திருடன் அலட்சியமாக நடமாடட்டும் என்றுதான் வேண்டுமென்றே இல்லாத மச்சத்தை நோட்டீசில் போட்டதாக அவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தில் பாதி என்னுடையது என்று அப்போது தெரியாமல் மிட்டாயோடு ஒத்துக்கொண்டேன்.

பழத்தட்டு கெங்குவார்பட்டியிலிருந்து மறுபடி வந்தது. கல்யாணப் படத்தை மாமாதான் எடுத்தார், சித்தியே அச்சுப் போட்டாள். மச்சத்தை எடுத்துவிடவா என்று மாமா கேட்டதற்கு, இருக்கட்டும், கூட்டத்தில் தொலைந்தால் எதைச் சொல்லித் தேடுவது என்றாளாம். படத்தில் தழும்பும் இருக்கிறது, மச்சமும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் துண்டை எடுத்து வலது கன்னத்தில் வைத்துக்கொள்கிறார்.

போன மாசம் பென்ஷன் காகிதத்துக்குப் படம் வேண்டுமென்று தேனியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஆடாதே என்றுகூடச் சொல்லாமல் எடுத்துவிட்டான் அந்தப் பையன். பிறகு என் முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான், டெண்டுக் கொட்டகை அளவுக்கு. வயசானதில் எங்கெங்கோ புள்ளி விழுந்திருக்கிறது. நான் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தி நாளாயிற்று. வலது கன்னத்தில் ஒன்று, மிளகு அளவில்.

“அம்மா, இந்த மச்சத்தத் தூக்கிரவா? ஒரு நிமிசம்தான்” என்றான்.

வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த நோட்டீசில் எழுதியிருந்தது சரிதான். குற்றவாளிக்கு வலது கன்னத்தில் மச்சம். ஆள் அகப்படத்தான் இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.